அடுத்த கோடைக்குள்

தொண்ணூறுகளின் நடுவில் நான் வேலூரில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்தேன். பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வதில் எனக்குக் கொஞ்சம் பேர் உண்டு. பேச்சை நானே எழுதிக் கொடுப்பேன். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை இறக்க வேண்டும் என்று பென்சிலால் கோடும் போட்டுக் கொடுப்பேன். ஓர் ஆண்டுவிழாவுக்குத் தலைமை தாங்க வந்த அரசியல்வாதி ஒருவர், எட்டாம் வகுப்புப் பெண் மரங்களைப் பற்றிப் பேசியதைக் கேட்டுவிட்டு, இதை எழுதியது யார் என்று தலைமையாசிரியையிடம் விசாரித்திருக்கிறார். அடுத்த வாரமே அவருடைய உதவியாளர் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். ஜூன் மாதம் சுற்றுச்சூழல் நாள் கூட்டம் இருக்கிறது, ஐயாவுக்குப் பத்து நிமிஷப் பேச்சு ஒன்று வேண்டும் என்றார்.

பாலாற்றைப் பற்றி எழுதினேன். நான் பிறந்தது ஆம்பூரில், ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி. தோல் பதனிடும் ஷெட்டுகளின் கழிவு வாய்க்காலில் நுரை கட்டி ஓடுவதைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். அதனால் யோசிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ‘காற்றுக்கு ஓட்டு இல்லை, ஆற்றுக்கு ஓட்டு இல்லை. அவற்றுக்காகப் பேச ஓர் ஆள் வேண்டாமா? நான் பேசுகிறேன்’ என்று ஒரு வரி வைத்தேன். கூட்டத்தன்று எல்லோருக்கும் பின்னால், கரும்புச்சாறு வண்டிக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன். அந்த வரியை அவர் தன் சொந்த மனதிலிருந்து எடுத்ததுபோலச் சொன்னார். கைத்தட்டல் அடங்கச் சற்று நேரமாயிற்று. உடம்பெல்லாம் எனக்குச் சிலிர்த்துப்போனது. அந்தச் சிலிர்ப்புக்காகத்தான் ஏழெட்டு வருஷம் எழுதினேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்ளலாம்.

முதலில் ஆறு, அப்புறம் மரம், அப்புறம் ஓசோன் ஓட்டை. புத்தாயிரம் பிறந்த பிறகு புவி வெப்பமாதல். அந்தத் தலைப்புக்காக அறிவியல் டீச்சரிடம் பத்திரிகைகள் வாங்கிப் படித்தேன். ஐயா டெல்லியில் ஏதோ மாநாட்டுக்குப் போய்வந்தார், வெளிநாட்டுக்கும் ஒரு முறை போனார். திரும்பி வந்ததும் மாலை போட்டார்கள், மரக்கன்று நட்டார். மூன்றாவது வருஷம்தான் கவனித்தேன். போன வருஷம் நட்ட அதே குழியில்தான் இந்த வருஷமும் நடுகிறார். பழைய கன்றின் காய்ந்த குச்சியைப் பிடுங்கிப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். அதைப் பற்றி யாரிடமும் நான் எதுவும் சொல்லவில்லை.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட ஆறு வயது பெரியவள். அப்பா தோல் ஷெட்டில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை பார்த்தவர். நான் ஐந்தாவது படிக்கும்போது தவறிப்போனார், அடுத்த மூன்று வருஷத்தில் அம்மாவும் போய்விட்டாள். அக்கா பத்தாவதோடு நிறுத்திக்கொண்டு ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கும் மிஷினில் போய் உட்கார்ந்தாள். நான் பி.ஏ. படித்ததும் பி.எட். முடித்ததும் அவள் அந்த மிஷினில் உட்கார்ந்திருந்ததால்தான். எனக்குக் கல்யாணம் செய்துவைத்தாள். அவளுடைய கல்யாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய், கடைசியில் அதைப் பற்றிப் பேசுவதையே எல்லோரும் விட்டுவிட்டார்கள். பெற்றோர் இருந்த அதே வீட்டில் தனியாக இருந்தாள்.

அந்தத் தெருக் கிணறுகளின் தண்ணீர் மஞ்சளாக இருக்கும், உப்புக் கரிக்கும். அதில் பருப்பு வேகாது, துணி துவைத்தால் சோப்பு நுரைக்காது. நகராட்சிக் குழாய் மூன்று தெருவுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. லாரியில்தான் குடிதண்ணீர் வரும். மழை பொய்த்த இரண்டு வருஷமும் லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாமல் போனது. அதனால் பெண்கள் நெடுஞ்சாலையைத் தாண்டி, ஒரு விவசாயியின் பம்ப்செட்டுவரை நடந்து போய் எடுத்து வந்தார்கள். போக வர இரண்டு மைல் இருக்கும். சாலையின் இரண்டு பக்கமும் புளியமரங்கள் இருந்ததால் அந்த நடை அவ்வளவு சிரமமாக இல்லை என்று அக்கா சொல்வாள். அவளுக்குப் பக்கத்து வீட்டில் உருது பேசும் குடும்பம். அந்த வீட்டம்மாவை அவள் ஆபா என்று கூப்பிடுவாள், அவர்கள் பேச்சில் அக்கா என்று அர்த்தம். ஆபாவும் அவளும் சேர்ந்துதான் தண்ணீருக்குப் போவார்கள்.

இரண்டாவது வருஷமும் மழை இல்லாமல் போன அந்த ஜூனில், கூட்டம் ஆம்பூரில் என்றார்கள். தலைப்பு, சூடேறும் பூமி. வெள்ளிக்கிழமை அக்கா வீட்டில் தங்கிவிட்டு சனிக்கிழமை காலையில்தான் வேலூர் திரும்பியிருந்தேன். அவளுடைய தோளில் குடம் அழுத்திய இடம் கன்றிப்போயிருந்ததைப் பார்த்துவிட்டு வந்தவள், மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் எழுத உட்கார்ந்தேன். கடலும் பனிமலையும் கரியமில வாயுவும் வழக்கம்போல வந்தன. முடிக்கும் இடத்தில், யாரும் கேட்காமலே, மூன்று வாக்கியங்கள் சேர்த்தேன். ‘அடுத்த கோடைக்குள் ஆற்றங்கரைத் தெருக்கள் அனைத்துக்கும் குடிதண்ணீர்க் குழாய் வரும். நெடுஞ்சாலைப் புளியமரங்களில் ஒன்றின்மீதும் கோடரி படாது. இது உங்களுக்கு என் வாக்கு.’

இத்தனை ஜனத்துக்கு முன்னால், அதிகாரிகளையும் பத்திரிகைக்காரர்களையும் வைத்துக்கொண்டு மைக்கில் ஒரு மனுஷன் சொல்லிவிட்டால், பிறகு அவரால் எப்படிச் செய்யாமல் இருக்க முடியும்? அப்படித்தான் நினைத்தேன். சொல்லுக்கு அந்த அளவு பலம் இருப்பதாக நம்பினேன். வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அதைத்தான். உதவியாளர் வந்தார், பக்கங்களை எண்ணிப் பார்த்தார், மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

கூட்டத்துக்கு அக்கா தெருப் பெண்களோடு வந்திருந்தாள். அவர் அந்த மூன்று வாக்கியங்களுக்கு வந்தார். நான் பென்சில் கோடு போட்ட இடத்தில் சரியாக நிறுத்தினார். பிறகு நிதானமாக, ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னார். அப்புறம் பெண்கள் பகுதியிலிருந்துதான் முதலில் கைத்தட்டல் கிளம்பியது. அக்கா அங்கிருந்து திரும்பி என்னைத் தேடினாள். அவள் முகம் அன்று இருந்ததைப்போல அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பிறகும் பார்க்கவில்லை.

மறுநாள் பேப்பரில் வந்ததை வெட்டி, ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லாதே என்று நான் சொல்லியிருந்தும், பேச்சை எழுதியது தன் தங்கைதான் என்பதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அவரே அப்படி எழுதச் சொன்னதாகத்தான் அவள் நினைத்திருந்தாள். இல்லை, நானாகச் சேர்த்தது என்று அவளிடம் சொல்ல எனக்கு எத்தனையோ சந்தர்ப்பம் இருந்தது. சொல்லவில்லை.

செப்டம்பர் போயிற்று, கிறிஸ்துமஸ் வந்தது. ஒரு பள்ளம்கூடத் தோண்டவில்லை. அக்கா கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு அவருடைய அலுவலகத்துக்குப் போனாள். முதல் தடவை டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தார்கள். இரண்டாவது தடவை மனுவை வாங்கிக்கொண்டார்கள். மூன்றாவது தடவை போனவள், அங்கிருந்து ஊருக்குத் திரும்பாமல் நேராக பஸ் ஏறி வேலூருக்கு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். பேப்பரை எடுத்து உதவியாளரிடம் காட்டியிருக்கிறாள். அவர் சிரித்துக்கொண்டே, அது பேச்சும்மா, பேச்சுல ஆயிரம் வரும் என்றிருக்கிறார்.

“அது பேச்சும்மான்னு சொல்றாரு,” என்றாள் அக்கா. “அப்போ பேச்சுன்னா இன்னாடி?”

நிதி ஒதுக்க நாளாகும், ஃபைல் பல இடத்துக்குப் போய்வர வேண்டும் என்று எதையோ சொன்னேன். தமிழ் படித்தவள் என்பதால் நன்றாகவே சொல்லியிருப்பேன். அவள் கேட்டுக்கொண்டாள். நீ சொன்னா சரி என்று டம்ளரைக் கீழே வைத்தாள்.

பொங்கல் கழித்து உதவியாளர் மறுபடி வந்தார். நெடுஞ்சாலையை அகலப்படுத்தும் வேலை தொடங்கப்போகிறது, அந்த விழாவுக்கு வளர்ச்சி பற்றி ஒரு பேச்சு வேண்டும் என்றார். புளியமரங்கள் என்ன ஆகும் என்று கேட்டேன். ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று வைக்கப்போகிறோம் டீச்சர், அதையும் சேர்த்துக்குங்க என்றார். முடியாது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அக்காவின் மனு அவர்கள் மேஜையில் இருந்தது. இப்போது மறுத்தால் அந்த ஃபைலும் நின்றுவிடும் என்று பயந்தேன். எழுதிக் கொடுத்தேன். ஒரு மரத்துக்குப் பத்து மரம் என்பதையும் அழகாகவே எழுதினேன்.

பிப்ரவரியில் மரங்களுக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்து நம்பர் போட்டார்கள். மார்ச் முடிவதற்குள் ஆம்பூர்ப் பக்கம் ஒரு மரமும் இல்லை. பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாக வெளிச்சம் கண்ணைக் கூசவைத்தது. அடுத்த ஸ்டாப்பில் இறங்க வேண்டிய ஒரு பெரியவர் அடையாளம் தெரியாமல் கண்டக்டரிடம் ஊர்ப் பேரைக் கேட்டார்.

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்கா சர்ச் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து, புடவை மாற்றிக்கொண்டு தண்ணீருக்குப் போயிருக்கிறாள். அந்த வாரம் மோட்டாருக்குக் கரண்ட் பகலில்தான் வந்தது, உச்சி வெயிலில் போனால்தான் தண்ணீர். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. திரும்பி வரும்போது, சாலைக்காகக் கொட்டியிருந்த ஜல்லிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். சற்றுப் பின்னால் வந்துகொண்டிருந்த ஆபா ஓடிவந்து, வந்த ஆட்டோவை நிறுத்தி ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து சாயந்திரத்துக்குள் வேலூருக்கு அனுப்பிவிட்டார்கள்.

நான் போய் அவள் நெற்றியில் கை வைத்தேன். சுட்டது. ஒரு பொட்டு வியர்வை இல்லை. ஈரத்துணியைப் போட்டுப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்து, நாளைக்கு உனக்குப் பரீட்சை இருக்குதே, ஏன் இங்க நிக்கிற என்று கேட்டாள். மிஷினில் நூல் அறுந்துபோச்சு, சூப்பர்வைசரைக் கூப்பிடு என்றாள். மறுநாள் காலையில் கொஞ்ச நேரம் தெளிவாக இருந்தாள். அப்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசி வீட்டுக்காரங்க குடம் இன்னாச்சு என்று கேட்டாள். பத்திரமாக இருக்கிறது என்றேன். எந்தக் குடத்தைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

வராந்தாவில் ஆபா உட்கார்ந்திருந்தார். அவரிடம் கேட்டேன். துப்பட்டாவின் ஓரத்தை முறுக்கிக்கொண்டே இருந்தார். மறுபடியும் கேட்டபோதுதான் சொன்னார். ஏப்ரலில், மரமும் போய், குழாயும் வராமல் இருந்தபோது, தெருப் பெண்களில் சிலர் அக்காவிடம் சண்டை போட்டிருக்கிறார்கள். உன் தங்கச்சி பொய் எழுதி எங்களைக் கைத்தட்ட வெச்சிட்டா என்று ஏசியிருக்கிறார்கள். அக்கா கத்தவில்லை, அழவில்லை. மறுநாளிலிருந்து நடக்க முடியாத இரண்டு வீட்டுக்காரர்களுக்கும் சேர்த்துத் தானே தண்ணீர் எடுத்துவர ஆரம்பித்துவிட்டாள்.

“நானு வேணாம்னுதான் சொன்னேன்,” என்றார் ஆபா. “‘குழாய் வர்ற வரைக்கும்தானே ஆபா, என் தங்கச்சி எழுதினா வரும்’னு உங்க அக்கா சொல்லிட்டா. உன்ன யாரும் ஒரு வார்த்த பேசக்கூடாது அவளுக்கு.”

உள்ளே போய் அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. போனேன். அதற்குள் அவள் மறுபடி மயக்கத்துக்குப் போயிருந்தாள். சிறுநீரகம் வேலை செய்யவில்லை என்றார் டாக்டர். அவளுடைய காதுக்குப் பக்கத்தில் குனிந்து, குழாய் வரும் என்று எழுதியது நான்தான், அவர் சொல்லவில்லை, நானாகத்தான் எழுதினேன் என்று சொன்னேன். கேட்டதா தெரியாது. மூன்றாம் நாள் விடியும்போது போய்விட்டாள்.

ஆம்பூரில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். கம்பெனியிலிருந்து அவளோடு மிஷினில் உட்கார்ந்தவர்கள் வந்திருந்தார்கள். தெருப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். சண்டை போட்டவர்கள்தான் அதிகமாக அழுதார்கள். வீட்டுக்குத் திரும்பியதும் வாசலில் கார் வந்து நின்றது. அவர் இறங்கினார். உதவியாளரை வெளியிலேயே இருக்கச் சொல்லிவிட்டுத் தனியாக உள்ளே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அக்காவை அவருக்கு ஞாபகம் இருந்தது. பேப்பர் துண்டோடு வந்த அம்மா என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நடிக்கிறார் என்று நினைக்க எனக்கு ஆசையாக இருந்தது. அப்படித் தெரியவில்லை.

அவரிடமாவது சொல்லிவிடலாம் என்று, அந்தக் கடைசி மூன்று வாக்கியங்களையும் உங்களைக் கேட்காமல் நான்தான் சேர்த்தேன் என்றேன்.

“தெரியும்மா,” என்றார். “கார்லயே படிச்சுப் பாத்துட்டேன். எடுத்துடலாமான்னு கேட்டாங்க. நல்லாருக்குது, இருக்கட்டும்னேன்.” தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “மேடைல சொல்லும்போது நெஜமாத்தாம்மா சொன்னேன். கீழ எறங்குனா பத்துப் பேர் நிக்கிறாங்க. ரோட்டு வேலைக்காரரு, ஷெட்டு ஓனரு, ஆபீசருங்க. அவங்ககிட்ட பேசும்போது அதுவும் நெஜமாத்தான் இருக்குது.”

கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்றார். வீட்டில் பானையில் இருந்தது அக்கா எடுத்து வந்த தண்ணீர்தான். ஆபா தன் வீட்டிலிருந்து ஒரு சொம்பு கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டுக் கைகூப்பிவிட்டுப் போனார்.

அவர் பொய் சொல்லியிருந்தால் அவரை வெறுத்துவிட்டு நான் என் வேலையைப் பார்த்திருப்பேன். அவர் படித்தார், பிடித்திருந்தது, சொன்னார், மறந்தார். நான் எழுதினேன், பிடித்திருந்தது, கைத்தட்டலைக் கேட்டேன், வீட்டுக்கு வந்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அந்தச் சொல்லை உண்மை என்று எடுத்துக்கொண்டு நடந்தவள் ஒருத்திதான். அவள் எங்களைப்போலப் பேசத் தெரியாதவள்.

ஜூன் மாதம் உதவியாளர் பள்ளிக்கு வந்தபோது முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் வருத்தப்படவில்லை. பழைய பேச்சையே வைத்துச் சமாளித்துக்கொண்டார்கள். ஆற்காட்டுப் பக்கம் ஒரு கூட்டத்தில் அதே மூன்று வாக்கியங்களைச் சொல்லியிருந்தார் என்பதைப் பேப்பரில் பார்த்தேன். ‘ஆற்றங்கரைத் தெருக்கள்’ மட்டும் ‘ஏரிக்கரைத் தெருக்கள்’ என்று மாறியிருந்தது. அன்று மத்தியானம் வகுப்பில் புணர்ச்சி விதி நடத்திக்கொண்டிருந்தவள், பாதியில் நிறுத்திவிட்டு வெளியே வந்து குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டேன். பேச்சுப் போட்டிப் பொறுப்பிலிருந்தும் விலகிவிட்டேன். தொண்டை சரியில்லை என்று தலைமையாசிரியையிடம் காரணம் சொன்னேன். பாடம், இலக்கணம், விடைத்தாள் இவற்றோடு மிச்ச வருஷங்களை ஓட்டினேன்.

நாலைந்து வருஷம் கழித்து அந்தத் தெருவுக்குக் குழாய் வந்தது. அதற்குள் தேர்தல் வந்து, அவர் தோற்று, வேறொருவர் வந்திருந்தார். அவர்தான் ரிப்பன் வெட்டினாராம். ஆபா போன் செய்து சொன்னார். வாரத்தில் ஒரு நாள் ஒரு மணி நேரம் விடுகிறார்கள் என்றார். தண்ணீர் நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். நல்லாத்தான் இருக்குது, பருப்பு வேகுது என்றார். அடுப்பில் சோறு இருக்கிறது, வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு போனை வைத்தார்.